சத்தம் இருக்கும்வரை

மதியத்திலிருந்து அலாரம் ஒரு தடவைகூட அடிக்கவில்லை. வெயில் இறங்கி, ஜன்னல் கம்பிகளின் நிழல் மேசைமேல் நீண்டு கிடந்தபோதுதான் ஷோபனாவுக்கு அது உறைத்தது. உறைத்ததும் அவளுக்குப் பயம் வரவில்லை. நிம்மதிதான் வந்தது.

காலை முழுவதும் அது படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. லேப்டாப்புக்குப் பக்கத்தில் இருந்த சின்ன ஸ்பீக்கரிலிருந்து திடுதிப்பென்று அவளுடைய குரலே கிளம்பும்.

“ஞானம்மாக்கா, நைனாவுக்கு மூச்சு வரலை. சீக்கிரம் வாங்க.”

நிறுத்தி நிதானமாகச் சொன்னால்தான் போனில் தெளிவாகக் கேட்கும் என்று அவளே பதிவு செய்துவைத்த குரல். இப்போது அதைக் கேட்கும்போதெல்லாம், தன்னைப்போலவே பேசக் கற்றுக்கொண்ட, ஆனால் நைனாவைப் பற்றி எந்தக் கவலையும் இல்லாத வேறு ஒருத்தி மேசைக்கு அடியில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருந்தது. ஒவ்வொரு தடவையும் நாற்காலியைத் தள்ளிவிட்டு, நடுவில் இருந்த தறிக்கொட்டகையைக் கடந்து, பின்னறைக்கு ஓடுவாள். நைனா கண்ணைத் திறந்தபடி படுத்திருப்பார். மூச்சு வந்துகொண்டுதான் இருக்கும். நடுவில் கொஞ்சம் நீளமாக நிறுத்தியிருப்பார், அவ்வளவுதான்.

பொங்கல் முடிந்த கையோடு வந்த பக்கவாதம் அவள் அப்பா பூபாலனின் வலது கையையும் காலையும் பேச்சையும் எடுத்துக்கொண்டு போயிருந்தது. மூச்சு நின்று நின்று வரும். நின்றது திரும்ப வராவிட்டால் உடனே தூக்கி உட்காரவைக்க வேண்டும், தாமதித்தால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஷோபனா வேலை பார்த்த சென்னைக் கம்பெனி, சின்னச் சின்ன நர்சிங் ஹோம்களுக்காகத் தனி கிளவுட் சர்வர் ஒன்று வைத்திருந்தது. பெரிய நிறுவனங்களிடம் வாடகைக்கு எடுக்காமல், தங்கள் கட்டடத்திலேயே சொந்தமாக வைத்த சர்வர். நோயாளிகளின் படுக்கைகளைக் கவனித்து, ஏதாவது தவறினால் அலாரம் அடிக்கும் சேவையை அதில் நிறுவுவது அவள் பொறுப்பு. சோதனைக்கு ஒரு படுக்கை வேண்டியிருந்தது. நைனாவின் படுக்கையைக் கொடுத்தாள். கட்டில் பலகைக்கு அடியில், தீப்பெட்டி அளவில், பேட்டரியில் ஓடும் ஒரு கறுப்புப் பெட்டியை ஒட்டினாள். அதற்குள் ஒரு மைக். நைனாவின் மூச்சு மெத்தை வழியாக, மரத்தின் வழியாக அதில் இறங்கி, சென்னைக்குப் போய், ஒரு பச்சைக் கோடாக அவள் திரைக்கும் கைபேசிக்கும் திரும்பி வரும். கோடு படுத்துவிட்டால் ஸ்பீக்கர் பேசும். அதே நேரத்தில் ஞானம்மாளின் போனும் அடிக்கும்.

நாளைக் காலை அவள் அலுவலகத்தில் இருந்தாக வேண்டும். வீட்டிலிருந்து வேலை பார்க்கக் கொடுத்திருந்த அனுமதி இன்றோடு முடிகிறது. அலாரம் சரியாக வேலை செய்தால் விடிகாலை மின்சார ரயிலைப் பிடித்துப் போய் ராத்திரி திரும்பிவிடலாம். பக்கத்துத் தெரு ஞானம்மாள் வந்துபோய்ப் பார்த்துக்கொள்வாள். வேலை செய்யாவிட்டால் ஒன்று வேலையை விட வேண்டும், இல்லையென்றால் நைனாவை விட வேண்டும். அம்மா இல்லை, கூடப் பிறந்தவர்கள் இல்லை. மூன்றாவது வழி என்று ஒன்று அந்த வீட்டில் எந்த மூலையிலும் இல்லை.

அன்று ஆடிக் கிருத்திகை. மலையிலிருந்து பம்பைச் சத்தமும் ஒலிபெருக்கியும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு இறங்கிவந்தன. தெரு முழுக்கச் சாமந்தியும் வியர்வையும் மணந்தது. தறி ஓட்டும் தங்கவேல் காவடி எடுக்கிறான் என்று முந்தின நாள் சாயங்காலமே நான்கு தறிகளையும் நிறுத்திவிட்டுப் போயிருந்தான். வெளியே அத்தனை சத்தம். உள்ளே ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததுதான் காலையிலிருந்து அவள் காதைக் குடைந்தது.

தறி வீட்டில் பிறந்தவர்களுக்குச் சத்தம்தான் அமைதி. விசைத்தறி தடதடவென்று ஓடும்போது குழந்தை தூங்கும். தறி நின்றால் வீறிட்டு எழுந்துகொள்ளும். இழை அறுந்தால் நிற்கும், கரண்ட் போனால் நிற்கும். தெருவில் யாராவது செத்துப்போனால், அழுகைக்கு முன்னால் ஒவ்வொரு வீடாகத் தறிகள் நிற்கும். யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. பொதட்டூர்பேட்டையிலிருந்து திருத்தணிக்குக் குடிவந்த பிறகும் இந்தக் கணக்கு மாறவில்லை. அலாரத்தை எழுதும்போதும் ஷோபனா இதே கணக்கில்தான் எழுதினாள். சத்தம் இருக்கும்வரை எல்லாம் சரி. சத்தம் நின்றால் எழுப்பு.

அலுவலகத்தில் அவளுக்கு மேலதிகாரியாக இருந்த குமரேசன்கூட ஒரு தடவை கேட்டான். “சத்தம் வந்தா போதுமா? என்ன சத்தம்னு பாக்க வேணாமா?”

“எங்க ஊர்ல சத்தம் வந்தா நல்லா இருக்காங்கன்னு அர்த்தம்ணா,” என்று சிரித்துவிட்டாள்.

காலையில் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசி முறை அது அடித்தபோது நைனாவின் அறையில்தான் இருந்தாள். அவர் நன்றாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். கொட்டகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் குரல் மட்டும் விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அவளால் தாங்க முடியவில்லை.

“ஐயோ, அடங்கித் தொலையேன்! இன்னைக்கி ஒருநாள் இது அடிக்காம யாராவது பாத்துக்கக் கூடாதா?”

யாரிடம் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. சுவரைப் பார்த்துச் சொன்னாள். நைனாவின் கண்கள் பெரிதாகின. நல்ல கையான இடது கையைக் கட்டிலுக்கு வெளியே நீட்டி, விரலால் கீழே காட்டினார். கட்டிலுக்கு அடியில். அங்கே எச்சில் துப்பும் பேசின் இருந்தது. எடுத்து நீட்டினாள். தலையை வேகமாக ஆட்டினார். மறுபடியும் கீழே காட்டினார்.

“என்னதான் நைனா வேணும்?” என்று அவரிடமும் எரிந்து விழுந்துவிட்டு வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு ஞானம்மாள் வந்து, அவரைத் துடைத்து, சட்டை மாற்றி, கஞ்சி கொடுத்துவிட்டு மலைக்குப் போனாள். அதற்குப் பிறகு அலாரம் அடிக்கவில்லை.

போன் அடித்தது. ஞானம்மாள்தான். பின்னால் அரோகரா சத்தம் காதைப் பிளந்தது.

“ஏம்மா ஷோபா, இன்னாம்மா இது? காத்தாலேர்ந்து உன் கொரலே போன் பண்ணி மூச்சு வரலை, மூச்சு வரலைன்னுகினு இந்துச்சு. இப்ப படி ஏறிகினு இருக்கறேன், எனக்குத்தான் மூச்சு வரலை.”

ஷோபனா சிரித்தாள். அன்றைக்கு முதல் சிரிப்பு. “அது காலைலக்கா. இப்ப சரியாயிடுச்சு.”

“ஆங், அதான் கேக்கறேன். மதியத்துலேர்ந்து ஒரு போனையும் காணோம். நீயே நிறுத்திப்புட்டியோன்னு நெனச்சேன்.”

“நான் ஒண்ணும் பண்ணலைக்கா. நைனா கஞ்சி குடிச்சாரா?”

“எங்க? ரெண்டே முழுங்கு. கீழயே காட்டிகினு இருந்தாரு. பேசினை எடுத்துக் குடுத்தா வாணான்றாரு. அப்புறம் செவுத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துகினாரு. கோவமோ இன்னாவோ.” யாரோ இடித்திருக்க வேண்டும், யாரையோ திட்டிவிட்டு மறுபடியும் வந்தாள். “தங்கவேலு காவடிய மேல பாத்தேன். தறிகிட்ட ஆடாத ஆட்டம் இங்க ஆடறான். நான் இருட்டறதுக்குள்ள எறங்கிடறேன். நீ நைனாவப் பாத்துக்க.”

“பாத்துகினுதான் இருக்கேன்,” என்றாள் ஷோபனா. கண் திரையின் பச்சைக் கோட்டின் மேல் இருந்தது. கோடு ஏறி, இறங்கி, ஏறி, இறங்கிக்கொண்டிருந்தது.

உண்மையில் போய்ப் பார்க்கவும் செய்திருந்தாள். மதியம் அவர் தூங்கும் நேரத்தில் ஒரு தடவை நைனாவின் அறை வாசல்வரை போனாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பி, கழுத்துவரை போர்த்திப் படுத்திருந்தார். மேலே ஃபேன் சுற்றியது. கட்டிலிலிருந்து தரைவரை தொங்கிய விரிப்பின் ஓரம் அந்தக் காற்றில் லேசாக அசைந்தது. டெட்டால் வாசனையோடு, நூலுக்குப் போடும் கஞ்சி புளித்துப்போனதுபோல ஒரு ஈர நாற்றமும் வந்தது. கொட்டகையில் எங்காவது பாத்திரத்தைக் கழுவாமல் வைத்திருப்பான் தங்கவேல் என்று நினைத்துக்கொண்டாள். கையிலிருந்த போனைப் பார்த்தாள். கோடு ஓடியது. திரும்பிவிட்டாள். வாசலில் நின்ற அந்தச் சிறு நேரத்தில், நைனாவைப் பார்த்ததைவிடக் கோட்டைப் பார்த்ததுதான் அதிகம்.

குமரேசன் கூப்பிட்டான்.

“ஷோபனா, சர்வர்ல மத்ததெல்லாம் அடிக்குது. சூடானா அடிக்குது, இடம் ரொம்பினா அடிக்குது. முக்கியமானது அடிச்சு நான் பாக்கணுமே. மூச்சு நின்னா அடிக்கும்னு காமி. அப்பதான் நாளைக்கு நர்சிங் ஹோமுக்குத் திறந்துவிட முடியும்.”

“காலைல அத்தனை தடவ அடிச்சுதேண்ணா!”

“அதெல்லாம் பொய் அலாரம். ஏன் அடிச்சுதுன்னும் தெரியாது, ஏன் நின்னுதுன்னும் தெரியாது. இப்ப நீ அடிக்க வச்சுக் காமி. சாமி கும்பிடப் போற நேரத்துல கேக்கறேன்னு திட்டாத.”

“சாமியெல்லாம் அப்புறம்,” என்றாள். “அடிக்க வைக்கறேன்.”

சுலபமான வேலை. எவ்வளவு சத்தம் இருந்தால் அதை மூச்சென்று எடுத்துக்கொள்வது என்று ஒரு அளவு உண்டு. திரையில் அது ஒரு சிவப்புக் கோடு. அதைக் கொஞ்சம் உயர்த்திவிட்டால் நைனாவின் பலவீனமான மூச்சு அதற்குக் கீழே போய்விடும். சர்வர் அதை மௌனமென்று நினைத்து அலாரம் அடிக்கும். அவரைத் தொந்தரவு செய்ய வேண்டியதுகூட இல்லை.

சிவப்புக் கோட்டை உயர்த்தினாள்.

பச்சைக் கோடு அதற்குக் கீழே போனது. ஒரு மூச்சு, எட்டவில்லை. அடுத்தது ஏறி, புதிய சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டு இறங்கியது. அதற்கடுத்ததும் அப்படியே.

தூக்கத்தில் புரண்டிருப்பார் என்று நினைத்தாள். இன்னும் உயர்த்தினாள்.

ஒரு மூச்சு எட்டவில்லை. அடுத்தது எட்டியது. தாண்டவில்லை, தொட்டது. அளந்து வைத்ததுபோல.

“சனியனே,” என்றாள் திரையிடம். எங்கேயோ தப்பு. அளவை மாற்றினால் சர்வர் கோட்டையும் சேர்த்து இழுத்துவிடுகிறது போலிருக்கிறது. தான் எழுதிய வரிகளைத் திறந்து மேலிருந்து கீழாகப் படித்தாள். அப்படி ஒன்றும் இல்லை. சேவையை நிறுத்தி, மறுபடி ஓட்டினாள். இணையம் மெதுவாக இருந்தது. ஊரில் இருக்கிற அத்தனை கூட்டமும் மலையிலிருந்து வீடியோ அனுப்பிக்கொண்டிருந்தது. சின்ன வட்டம் சுற்றிச் சுற்றி வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். பிடரியில் வியர்வை ஊர்ந்தது. திரை திரும்பி வந்தபோது பச்சைக் கோடு அங்கேயே இருந்தது. ஏறி, தொட்டு, இறங்கி.

சரி, வேறு வழி. எவ்வளவு நேரம் மூச்சு வராமல் இருந்தால் அலாரம் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. நைனா நீளமாக நிறுத்துவார் என்பதால் அதைத் தாராளமாக வைத்திருந்தாள். இப்போது குறைத்தாள். அவருடைய மூச்சுக்கு நடுவில் நிச்சயம் அதைவிட நீண்ட இடைவெளி வரும். வந்தே தீரும்.

பச்சைக் கோடு நெருங்கி வந்தது. மூச்சு வேகமானது.

இன்னும் குறைத்தாள். இன்னும் வேகமானது. இப்போது அது படுத்த படுக்கையாகக் கிடப்பவரின் மூச்சே இல்லை. மலைப்படி முழுவதும் ஓடி ஏறியவனின் மூச்சு. கடைசி நொடியில், ஒவ்வொரு தடவையும் கடைசி நொடியில், அடுத்த மூச்சு வந்து விழுந்தது.

மேசையை ஓங்கிக் குத்தினாள். கை வலித்தது. நாளை ரயில், அலுவலகம், குமரேசன் முகம் எல்லாம் அந்தப் பச்சைக் கோட்டில் மாட்டிக்கொண்டு மேலும் கீழும் போய்வந்தன. காலையில் அடிக்கக் கூடாத நேரத்திலெல்லாம் அடித்தது. இப்போது கெஞ்சினாலும் அடிக்க மாட்டேன் என்கிறது. திரையைப் படமெடுத்துக் குமரேசனுக்கு அனுப்பினாள். பதில் உடனே வந்தது: ‘உங்க நைனா நம்ம சர்வரோட விளையாடறார் போல.’ கூடவே ஒரு சிரிக்கும் முகம்.

இரண்டு அளவுகளையும் பழையபடி வைத்தாள்.

பச்சைக் கோடு தளர்ந்தது. நிதானமாக, சாவகாசமாக ஏறி இறங்கத் தொடங்கியது. விளையாட்டில் எதிராளி விட்டுக்கொடுத்ததும் கால் நீட்டி உட்காருகிற ஒருவரைப்போல் இருந்தது அந்தத் தளர்வு.

சீ, என்ன நினைப்பு இது. ஃபேனாகத்தான் இருக்கும். பழைய ஃபேன், கட்டிலுக்கு நேர் மேலே. அதன் ஆட்டம்தான் கம்பி வழியாகச் சுவரில் இறங்கி, கட்டிலில் ஏறி, மைக்கில் விழுந்து மூச்சுபோலத் தெரிகிறது. அப்படித்தான் இருக்க வேண்டும். எழுந்து போய் ஃபேனை நிறுத்திவிட்டு வந்தால் தெரிந்துவிடும்.

எழுந்திருக்க வேண்டிய அவசியம் வரவில்லை. கரண்ட் போனது.

தெருவில் பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். வெளிச்சம் ஏற்கனவே மங்கியிருந்தது. இப்போது அறை சாம்பல் நிறமானது. இன்வெர்ட்டர் அவள் அறைக்கு மட்டும்தான். அதில் வைஃபை பெட்டி மட்டும் கண் சிமிட்டியது. கொட்டகைக்கு அப்பால் பின்னறை ஃபேன் மெல்ல மெல்லச் சுழற்சி குறைந்து நிற்பது, வீட்டின் அந்த அமைதியில், இங்கிருந்தே அவளுக்குக் கேட்டது. கிரீச். கிரீச். கிரீச். நின்றது.

பச்சைக் கோடு நிற்கவில்லை.

அப்படியானால் நைனாதான். நல்லது. நைனாதான். நல்லதுதானே? ஆனால் அவள் நெஞ்சு அதை ஏற்றுக்கொள்ளவில்லை. கட்டிலில் கேட்பதை அப்படியே காதில் கேட்கவும் ஒரு வழி வைத்திருந்தாள். இதுவரை அதற்குத் தேவை வந்ததில்லை. கம்பியில்லாத காதுக் குமிழ்களை இரண்டு காதிலும் வைத்துக்கொண்டு போனில் அதற்கான பொத்தானைத் தட்டினாள்.

முதலில் ஒரு இரைச்சல். அதற்குள் எங்கோ ஆழத்தில் பம்பை. ஸ்டேஷன் பக்கம் ஒரு ரயிலின் நீண்ட கூவல். மரம் வெப்பம் இறங்கி முறிவதுபோல் ஒரு சின்னச் சத்தம். பிறகு மூச்சு.

மெத்தைக்கு மேலிருந்து வரும் மூச்சு அடைபட்டுத்தான் கேட்க வேண்டும். பஞ்சும் பலகையும் நடுவில் இருக்கின்றன. இது அடைபடவில்லை. இது பக்கத்தில் இருந்தது. மைக்கின் மேலேயே வாயை வைத்ததுபோல. ஈரமாக. உதடு ஒட்டிப் பிரியும் ஓசைகூடக் கேட்டது. உள்ளே இழுப்பு. வெளியே விடுதல். பிறகு ஒரு காத்திருப்பு. அந்தக் காத்திருப்புதான். நைனாவின் நிறுத்தம் மறந்துபோனவரின் நிறுத்தம். இது எண்ணிக்கொண்டிருப்பவரின் நிறுத்தம்.

மைக் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

நைனா கீழே விழுந்துவிட்டார்!

அந்த நினைப்பு வந்ததும் மற்றதெல்லாம் பறந்துவிட்டது. மதியமே விழுந்திருக்கிறார். உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டார். கூப்பிட வாயில்லாமல், மைக் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, இத்தனை நேரம் மூச்சால் கூப்பிட்டிருக்கிறார். இவள் சிவப்புக் கோட்டை உயர்த்தி உயர்த்தி அவரை இரைக்க வைத்திருக்கிறாள். காலையிலிருந்து கீழே காட்டினாரே!

“நைனா! தோ வந்துட்டேன் நைனா!”

போனின் டார்ச்சைப் போட்டுக்கொண்டு கொட்டகைக்குள் ஓடினாள். நான்கு தறிகளும் இருட்டில் குந்தியிருந்தன. வெளிச்சம் ஆட ஆட, பாவு நூல்களின் நிழல் சுவரில் மழைபோல் இறங்கியது. மெஷின் எண்ணெய் வாசனை. அதற்குப் பின்னால் புளித்த கஞ்சி. முன்னைவிட அதிகமாக. முழங்கால் தறிக்கட்டையில் இடித்தது. வலி தெரியவில்லை. காதில் மூச்சு ஓடிக்கொண்டே இருந்தது. கூடவே, அதற்குப் பின்னால், வேறொரு சத்தம் கிளம்பியது. தப், தப், தப். யாரோ தூரத்திலிருந்து ஓடி வருகிறார்கள்.

அவளுடைய காலடிகள்தான். கட்டிலுக்கு அடியில் அவை எப்படிக் கேட்கின்றனவோ, அப்படியே அவள் காதில் கேட்டன.

மூச்சு, அந்தக் காலடிகளுக்காக நின்றது. கேட்டது. பிறகு தொடர்ந்தது.

அறை வாசல்.

டார்ச் வெளிச்சம் கட்டிலில் விழுந்தது.

நைனா கட்டிலில்தான் இருந்தார்.

சுவர்ப்பக்கம் திரும்பி. கழுத்துவரை போர்த்தி. மதியம் பார்த்தபடியே. ஒரு மடிப்புகூட மாறாமல்.

“நைனா?”

சத்தம் வரவில்லை, வாய் மட்டும் அசைந்தது. கிட்டே போனாள். கையை நீட்டி அவர் கன்னத்தைத் தொட்டாள். பகல் வெயில் முழுக்க வாங்கிய அந்த அறையில், அவர் கன்னம் மட்டும் தண்ணீர்ப் பானைபோல் குளிர்ந்திருந்தது. தோளைப் பிடித்துத் திருப்பப் பார்த்தாள். தோள் தனியாகத் திரும்பவில்லை. உடம்பு முழுவதும், ஒரு பலகைபோல, சேர்ந்து அசைந்தது. வாய் திறந்திருந்தது. உதட்டோரம் கஞ்சி காய்ந்து வெள்ளையாகப் பொருக்கு கட்டியிருந்தது. கண் மூடியிருக்கவில்லை. மதியத்திலிருந்தே மூடியிருக்கவில்லை.

காதில் மூச்சு வந்தது.

உள்ளே. வெளியே. காத்திருப்பு.

ஒரு குமிழைக் காதிலிருந்து பிடுங்கினாள். இன்னொன்றையும். கீழே எங்கோ விழுந்து உருண்டன.

மூச்சு வந்தது.

அறைக்குள். காலுக்குக் கீழே.

அவள் குனியவில்லை. குனிய முடியவில்லை. டார்ச் மட்டும் கையோடு தானாகத் தாழ்ந்தது. கட்டிலிலிருந்து தரைவரை தொங்கிய விரிப்பின் ஓரம். ஃபேன் நின்றிருந்தது. ஜன்னல் சாத்தியிருந்தது. காற்றே இல்லை. விரிப்பு மெல்ல உள்பக்கம் ஒட்டியது. மெல்ல வெளிப்பக்கம் உப்பியது. உள்பக்கம். வெளிப்பக்கம். நைனாவின் மூச்சேதான். அதே இழுப்பு. அதே லேசான சீழ்க்கை. காலையிலிருந்து, அல்லது அதற்கும் முன்னாலிருந்து, கீழே படுத்துக்கொண்டு கேட்டுக் கேட்டுப் பழகியது.

“யாரு?”

இந்தத் தடவை சத்தம் வந்தது.

விரிப்பு நின்றது.

பாதி மூச்சில். அசையவே இல்லை.

மௌனம். தறி நின்ற தெருவின் மௌனம். மலையில் பம்பைகூட ஓய்ந்துவிட்டதுபோல் இருந்தது. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். விரிப்பு அசையவில்லை. இன்னும் அசையவில்லை. கையிலிருந்த போனில் பச்சைக் கோடு தாழ்ந்தது, படுத்தது, ஓடியது. நேராக. மதியத்திலிருந்து ஓடியிருக்க வேண்டியபடி.

கொட்டகைக்கு அப்பால், இருட்டில், அவளுடைய குரல் நிறுத்தி நிதானமாகப் பேசியது.

“ஞானம்மாக்கா, நைனாவுக்கு மூச்சு வரலை. சீக்கிரம் வாங்க.”

மலையில் கூட்டத்துக்கு நடுவே ஒரு போன் இப்போது அடிக்கும். ஞானம்மாள் முந்தானையில் தேடி எடுப்பாள். எடுக்கட்டும். கடவுளே, எடுக்கட்டும்.

“ஞானம்மாக்கா, நைனாவுக்கு மூச்சு—”

விரிப்பின் ஓரம் உள்பக்கம் இழுபட்டது.

ஒரே ஒரு மூச்சு. ஆழமாக. போதுமான அளவுக்கு மட்டும்.

அலாரம் அடங்கியது.

ஷோபனா கதவுச் சட்டத்தைத் தேடிக் கையைப் பின்னால் நீட்டினாள். கை காற்றில் துழாவியது. கட்டிலுக்கு அடியில் அவசரம் எதுவும் இல்லை. காலையில் அவள் கேட்டுக்கொண்டதை அது செய்து முடித்திருந்தது. விரிப்பு சாவகாசமாக வெளிப்பக்கம் உப்பியது, இந்தத் தடவை திரும்ப உள்ளே போகவில்லை, இன்னும் உப்பியது, அதன் ஓரம் தரையை விட்டு மெல்ல மேலே எழும்பத் தொடங்கியது.